சாவி இல்லாத பட்டாளத்து வண்டி

கடலுக்குப் போகிற ஆளைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் அம்மாவிடம் சொன்னதை எங்கள் தெருவில் இன்னும் கிண்டலாகப் பேசுகிறார்கள். மீனவக் குடும்பத்தில் பிறந்துவிட்டு, கடலுக்குப் போகாத மாப்பிள்ளை வேண்டும் என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்கட்டும். என் அப்பா போன படகு திரும்பி வந்தது, அப்பா வரவில்லை. அதற்குப் பிறகு பெரிய அண்ணனும் அப்படியே போய்ச் சேர்ந்தான். ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கொடுத்த பிறகு, மூன்றாவதாக ஒருத்தரை நானே தேடிப் பிடித்து அனுப்பி வைக்க எனக்கு என்ன பைத்தியமா? கடலூர் முதுநகரில் ஒரு ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்திருந்தது. கையில் வேலை இருக்கிற தைரியத்தில் பிடிவாதமாக இருந்தேன்.

கிடைத்தவர் படகு இஞ்சின் மெக்கானிக். துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் விசைப்படகுகளின் இஞ்சின் ரூமுக்குள் இறங்கி, குந்தி உட்கார்ந்து வேலை பார்க்கிறவர். பெண் பார்க்க வந்தபோது நானே நேருக்கு நேர் கேட்டேன், கடலுக்குப் போவீங்களா என்று. "இஞ்சின் ஒழுங்கா ஓடுதான்னு பாக்க முகத்துவாரம் வரைக்கும் போவேன். அதுக்கு அப்பால எனக்கு என்னா வேலை" என்றார். அது போதும் என்று கழுத்தை நீட்டினேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூட அவர் முகத்துவாரத்தைத் தாண்டியதில்லை. எத்தனையோ முதலாளிகள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். "வூட்ல டீச்சரம்மா வுடாது" என்று என்மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிடுவார். புருஷனை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறவள் என்ற பெயரோடு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு மினி லாரியில், தார்ப்பாய் போர்த்தி, கயிற்றால் கட்டி வந்து இறங்கியது. கூடவே வந்தவர் வண்டியின் சொந்தக்காரர். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பிய மனிதர். அவருடைய மைத்துனரின் படகு இஞ்சினை என் வீட்டுக்காரர் ஒரு தடவை பிழைக்க வைத்திருக்கிறார், அந்தப் பழக்கம். நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என் வீட்டுக்காரரை மச்சான் என்பார்.

"எங்க வாப்பாவோட வாப்பா எடுத்த வண்டி மச்சான்" என்றார். "ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரப் பட்டாளம் கழிச்சுப் போட்டதை மெட்ராஸ்ல ஏலத்துல எடுத்து, ஓட்டிக்கிட்டே ஊருக்கு வந்தாங்களாம். இதுல ஏறி சிதம்பரத்துக்குப் போயி நாலு வீதியும் ஒரு சுத்து சுத்திட்டுதான் வூட்டுக்கு வருவாங்களாம். என் ஹயாத்துல, நான் உசுரோட இருக்கறப்பவே, ஒரு தடவை இது சிதம்பரத்துக்கு ஓடணும்."

கடலூரில் இருக்கிற டூவீலர் மெக்கானிக்குகள் எல்லோரும் கையை விரித்துவிட்டார்களாம். இஞ்சினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு இஞ்சின் வைத்துக்கொள்ளச் சொன்னார்களாம். பாய்க்கு மனசு வரவில்லை. சிதம்பரத்தில் பழைய வண்டிகளை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டி நிறுத்தப் போகிறார்கள், அதற்குள் முடியுமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் அதற்குள் தார்ப்பாயை அவிழ்த்துக் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அதைப் பார்த்த உடனே பிடிக்கவில்லை. உப்புக் காற்றில் ஊறி, நிறம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் இருந்தது. ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு தகரத் தொப்பி, அதில் வெளிச்சம் வரச் சின்னதாக ஒரு துளை. விமானத்திலிருந்து குண்டு போடுகிறவன் கண்ணில் வெளிச்சம் படாமல் இருக்க அப்படி மூடி வைத்தார்களாம். கைப்பிடியில் ரப்பர் கிடையாது, கித்தான் சுற்றியிருந்தது. மலேயாவை ஜப்பான்காரன் பிடித்ததும் ரப்பருக்குப் பஞ்சம் வந்துவிட்டது, அதனால் பட்டாளத்து வண்டிக்குக் கித்தான்தான் என்று பாய் விளக்கினார். அந்தக் கித்தானில் கை பிடிக்கிற இடம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. யார் யார் பிடித்த கையோ, அவர்களில் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்தார்களோ என்று எனக்குத் தோன்றியது. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

"இதுக்கு சாவி எங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"சாவியே கெடையாது டீச்சரம்மா" என்றார் என் வீட்டுக்காரர். என்னவோ நகைக்கடையில் நிற்கிற மாதிரி முகமெல்லாம் பல். "குண்டு விழுறப்ப சாவி தேடிக்கினு இருப்பானா? எவன் கையில கெடைச்சாலும் ஒதைச்சிட்டுப் போயிக்கினே இருக்கணும். பேட்டரியும் வேணாம். உள்ள ஒரு காந்தம் சுத்துது பாரு, மேக்னெட்டோ. அதுவே பொறி குடுத்துக்கும். வெளிய இருந்து எதுவும் கேக்காத இஞ்சினு."

"நிறுத்தணும்னா?"

"கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு லிவர் இருக்குது. புடிச்சா வால்வைத் தூக்கிடும். காத்து வெளிய போயிடும், இஞ்சின் மூச்சை வுட்டுடும்."

நான் கேட்டது வண்டியை நிறுத்துவதைப் பற்றி. அவர் சொன்னது இஞ்சினை நிறுத்துவதைப் பற்றி. அந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை, அவருக்கு அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது. படகுக்கு பிரேக் என்று ஒன்று உண்டா? கிடையாது. ஓட்டத்தைக் குறைப்பார்கள், பின்னுக்கு ஓட விடுவார்கள், கரைக்கு வந்தால் மணலில் ஏற்றிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து அதை மட்டுமே பார்த்து வளர்ந்த மனுஷன். அவர் சொந்தமாக ஒரு சைக்கிளுக்கு மேல் எதையும் வைத்துக்கொண்டதில்லை. அதிலும் காலைத் தேய்த்துத்தான் நிறுத்துவார், செருப்பு மாதா மாதம் தேயும்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் பாக்டரி பின்புறம் அவருக்கு ஒரு ஷெட் இருக்கிறது. படகு வேலை முடிந்ததும் வண்டி வேலை. எனக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் டீயை எடுத்துக்கொண்டு போய், ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பார்ப்பேன். வேடிக்கை பார்க்கப் போனேன் என்று நினைக்க வேண்டாம், பயத்தில் போனேன். இறுகிப் போன பிஸ்டனை டீசலில் ஊறப்போட்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டி அசைத்தார். ரிங் கிடைக்கவில்லை என்று ஏதோ ஒரு பம்பு இஞ்சினின் ரிங்கைத் தேய்த்து அளவுக்குக் கொண்டு வந்தார். இந்த வண்டியில் வால்வுகள் சிலிண்டருக்குத் தலைமேல் இல்லாமல் பக்கத்தில் இருக்கின்றன. வேகம் வராது, ஆனால் மட்டமான பெட்ரோலைக் குடித்துக்கொண்டும் ஓடும், பாலைவனத்திலும் ஓடும். முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் இரும்புச் சட்டங்கள் பிடித்திருக்க, நடுவே ஒரே ஒரு ஸ்பிரிங் குதிரை மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். பின் சக்கரத்துக்கு அதுவும் இல்லை. பள்ளத்தில் விழுந்தால் அடி முதுகெலும்புக்குத்தான்.

"யோசிச்சு செஞ்சிருக்கான்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். எனக்கோ அந்த யோசனைதான் பயமாக இருந்தது. சாகப்போகிறவன் உட்கார்ந்து ஓட்டுவான் என்று தெரிந்தே செய்த வண்டி. அவன் செத்தாலும் அடுத்தவன் எடுத்து உதைத்துக்கொண்டு போக வேண்டும் என்று யோசித்துச் செய்தது. ஒரு சாயங்காலம் ஸ்பார்க் விழுகிற நேரத்தைத் தள்ளி வைக்காமல் உதைத்துவிட்டார், கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் வீங்கி, இரண்டு நாள் நொண்டினார். "இது வண்டியா, சனியனா" என்று கத்தினேன். "என் தப்புதான், ஸ்பார்க் லிவரைக் கீழ எறக்கல" என்று அதற்குப் பரிந்து பேசினார். நான் கீழே விழுந்திருந்தால்கூட அப்படிப் பரிந்து பேசியிருக்க மாட்டார்.

ஒரு நாள் வண்டி உயிர் பெற்றது. டொம் டொம் என்று நிதானமாக, அவசரமே இல்லாமல் ஒரு சத்தம். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்து, கடற்கரைப் பக்கம் விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். தூரத்தில் ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வந்தவர், எங்களுக்குக் கிட்டே வந்ததும் லிவரைப் பிடித்து இஞ்சினை அணைத்துவிட்டு, அப்படியே மணலுக்குள் வண்டியைத் திருப்பினார். சக்கரம் மணலில் புதைந்து நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். மறுபடி ஒரு சுற்று, மறுபடி மணல்.

"என்னாங்க, பிரேக் எங்க?"

"அது கடைசில பாத்துக்கலாம்."

"கடைசின்னா? செத்த பெறகா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. சிதம்பரம் ரோட்டில் உங்களுக்கு யார் மணல் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஊரே கேட்கக் கேட்டேன். பிரேக் போடாமல் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வந்தால் பாயிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். நான் பேசினால் எப்படிப் பேசுவேன் என்று அவருக்குத் தெரியும். மறுநாளே இரண்டு சக்கரத்திலிருந்தும் பிரேக் ஷூவைக் கழற்றி எடுத்துப் போய், சக்கரத்தை உரசிப் பிடிக்கிற புது லைனரை டவுனில் ஒட்டிக்கொண்டு வந்தார். இரண்டு சக்கரமும் சுற்றும்போது லேசாக உரசுகிற அளவுக்கு இறுக்கி வைத்தார். ஓட ஓடத் தேய்ந்து பதமாகிவிடும் என்றார். இந்த வண்டியில் எல்லாமே மாறி இருக்கும், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நான் சும்மா நம்பிவிடவில்லை. அவரை உட்கார வைத்து, இரண்டு ஆட்களை வண்டியைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி, "புடிங்க" என்றேன். பிடித்தார். சக்கரம் கல் மாதிரி நின்றது. மறுபடி தள்ளினார்கள், மறுபடி நின்றது. அன்றைக்கு ராத்திரி நான் கண்ணயர்ந்தேன்.

சனிக்கிழமை எனக்கு வட்டார டீச்சர்கள் கூட்டம். முடிந்து வந்து ஷெட்டுக்குப் போனால், வண்டி பளபளவென்று மின்னிக்கொண்டு நிற்கிறது. டேங்க் முதல் சக்கரத்துக் கம்பி வரைக்கும் சுறா எண்ணெய் பூசியிருந்தார். எங்கள் பக்கத்தில் அது ஒன்றும் புதிதில்லை. தண்ணீரில் இறக்கப்போகிற எதற்கும் முதல்நாள் மீன் எண்ணெய் காட்டாமல் இறக்க மாட்டார்கள். மரத்துக்கும் பூசுவார்கள், இரும்புக்கும் பூசுவார்கள். உப்பு அண்டாது. அவர் பிரஷ்ஷை வைத்து, ஒரு இடுக்கு விடாமல், ஆசை ஆசையாகப் பூசியிருந்தார். பூசிவிட்டு நாளெல்லாம் வெயிலில் வைத்திருந்தார், எண்ணெய் உள்ளே இறங்கட்டும் என்று. பெட்ரோல் டேங்க்கில் மஞ்சள், குங்குமம். ஹெட்லைட்டின் தகரத் தொப்பிக்கு ஒரு முழம் மல்லிகை.

வேறு யாராவது அந்த ஷெட்டுக்குள் வந்திருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். அந்த நாற்றமே அவர்களுக்கு ஒரு கேள்வியைக் கிளப்பியிருக்கும். இவ்வளவு எண்ணெய் எங்கெல்லாம் போயிருக்கும் என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்கள். எங்களுக்கு மீன் எண்ணெய் வாசம் வாசமே இல்லை. எங்கள் சுவரில், தலையணையில், என் புடவையில்கூட அது உண்டு. நன்றாக இருக்கிறது என்று அந்த அழகைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வருகிறேன் என்றேன். பாய் சிதம்பரத்தில் காத்திருந்தார். "உனக்கு எதுக்கு, பஸ்ல வா" என்றார் இவர். அவரைத் தனியாக அனுப்பிவிட்டு நான் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து ரோட்டில் கூடி நிற்கிற ஒவ்வொரு கூட்டத்தையும் அவர்தானோ என்று எட்டிப் பார்த்துக்கொண்டு வர வேண்டுமா? பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஹெல்மெட் வேண்டாம், எண்ணெய்த் தலை வேர்க்கும் என்றவரை முறைத்த முறைப்பில் போட்டுக்கொண்டார்.

முதுநகரைத் தாண்டியதும் தொழிற்சாலைப் பக்கம் வழக்கமான மருந்து நாற்றம். கண் எரிந்தது. வண்டி மட்டும் தன்பாட்டுக்கு டொம் டொம் என்று போய்க்கொண்டிருந்தது. காரில் போனவர்கள் கண்ணாடியை இறக்கி வீடியோ எடுத்தார்கள். இவர் ராஜா மாதிரி தலையை ஆட்டினார். ஒரு பத்து நிமிஷம் எனக்கே சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆலப்பாக்கம் தாண்டி வயல் வந்தது. மருந்து நாற்றம் போனது. அப்போதுதான் யாரோ மீன் வறுக்கிற வாசம் வந்தது.

நல்ல வாசம்தான். காலைப் பசிக்கு நாக்கில் எச்சில்கூட ஊறியது. ஆனால் சுற்றிலும் ஒரு வீடு இல்லை, ஒரு கடை இல்லை. இரண்டு பக்கமும் வயல். வண்டி போகப் போக வாசமும் எங்கள் கூடவே வந்தது. அவர் தோளில் தட்டினேன். காற்றில் கேட்கவில்லை, நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

புதுச்சத்திரத்தில் டீக்கடையைப் பார்த்ததும் வெகு தூரத்திலேயே லிவரைப் பிடித்து இஞ்சினை அணைத்தார். வண்டி தானாக ஓடி ஓடி, வேகம் செத்து, கடை வாசலில் வந்து நின்றது. படகு கரை சேர்கிற அதே தினுசு. பிரேக்கை அவர் தொடவே இல்லை. கடைக்காரர் டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே, "என்னாம்மா, வண்டிலயே மீன் வறுத்துக்கினு போறீங்களா" என்று கேட்டார். நான் குனிந்து முன் சக்கரத்தின் நடுப் பகுதியைத் தொட்டேன். சுரீர் என்றது, கையை உதறிக்கொண்டேன்.

"கொதிக்குதுங்க."

"புது லைனர். இறுக்கமா வெச்சிருக்குது இல்ல, உரசி உரசிப் பதம் ஆவுது."

"வேணாங்க. வண்டியை இங்கயே வுட்டுட்டு பஸ்ல போவலாம். பாய் ஆள் அனுப்பி எடுத்துக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? பொறந்ததுலேர்ந்து இந்த ரோட்ல போவத் தெரியாதா எனக்கு?" டீயைக் குடித்துக் கிளாஸை வைத்தார். "இது கடல் இல்ல. பயப்படாத."

உண்மைதானே, இது கடல் இல்லை. நான் கடலுக்கு மட்டும்தான் பயந்து பழகியவள். தரையில் என்னவென்று பயப்படுவது, எதைச் சொல்லித் தடுப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஏறாமல் நின்றால் தனியாகப் போய்விடுவார் என்று ஏறினேன்.

பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலம். பாலத்தின்மேல் காற்று பிய்த்துக்கொண்டு போனது, மீன் வாசம் கொஞ்சம் விட்டது, எனக்கும் மூச்சு வந்தது. பாலம் முடிந்து ரோடு சரிவாக இறங்கும். அறுப்புக் காலம். இடது பக்கம் பாதி ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். வண்டிகள் ஏறிவிடக் கூடாது என்று நெல்லின் ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருந்தார்கள். சரிவின் கீழே ஒரு ஷேர் ஆட்டோ நின்று ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு பொம்பளை கைக்குழந்தையோடு இறங்கினாள். எதிரில் பஸ் வந்தது.

அவர் இடது காலை அழுத்தியதை என் கால் உணர்ந்தது. வண்டி குறையவில்லை. மறுபடி அழுத்தினார். முன் சக்கரத்து பிரேக் லிவரையும் பிடித்தார். சக்கரத்திலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது, வறுவல் கருகுகிற வாசம் முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். பூசின எண்ணெய் வெயிலில் இளகி உள்ளே இறங்கி, லைனர் முழுக்க ஊறிவிட்டிருந்தது. உரசின சூட்டில் கொதித்துக்கொண்டே வந்திருக்கிறது. புது லைனர் எண்ணெய்ப் பலகையாக வழுக்கியது. அவர் தெரிந்த வேலையைச் செய்தார். லிவரைப் பிடித்து இஞ்சினை அணைத்தார். இஞ்சின் உடனே அடங்கியது. சரிவில் அந்தப் பட்டாளத்து இரும்பு அடங்கவில்லை. சத்தமே இல்லாமல் இன்னும் வேகமாக இறங்கியது.

பஸ் பக்கம் திருப்ப முடியாது. நேரே போனால் குழந்தைக்காரி. அவர் இடது பக்கம் நெல்லைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. கரை ஏற்றப் போகிறார். "கல்லு" என்று கத்தினேன். கத்தினேனா, கத்துவதாக நினைத்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

நான் நெல்லின்மேல் போய் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, உடம்பெல்லாம் நெல், வேறொன்றும் இல்லை. எழுந்து பார்த்தபோது வண்டி கற்களின்மேல் சாய்ந்து கிடந்தது, அடியில் அவருடைய வலது கால். கருங்கல்லுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் முழங்கால். நெல்காரர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். வைதுகொண்டேதான் ஓடி வந்தார்கள், காலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் குழந்தைக்காரி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் வாயில் ஊற்றினாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாய் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். என் முன்னால் நிற்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார். நானும் அவரை நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் "வண்டிக்கு என்னா ஆச்சு பாய்" என்று கட்டிலில் இருந்து இவர் கேட்டார். ஒரு பெடல் வளைந்திருக்கிறது, வேறொன்றுமில்லை என்றார் பாய். இவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அந்த நிமிஷம் அவரை அடித்தே போட்டிருப்பேன்.

உயிர் இருக்கிறது, அது போதும் என்று வீட்டுக்குக் கூட்டி வந்தேன். கோயிலுக்கு நேர்ந்துகொண்டதை எல்லாம் செய்தேன். கால் மட்டும் மடங்கவில்லை. தகடு வைத்து, ஆணி அடித்து, நேராக நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதை நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், அவரும் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். நடக்கலாம், நிற்கலாம், மடக்க முடியாது. இஞ்சின் ரூமுக்குள் குந்தி உட்காராமல் ஒரு மெக்கானிக் எப்படி வேலை செய்வார்? முதலில் கொஞ்ச நாள் படகுக்காரர்கள் பம்பையும் இஞ்செக்டரையும் ஷெட்டுக்கே கொண்டு வந்து கொடுத்தார்கள். பிறகு அதுவும் குறைந்தது. அவர் காலை நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, துறைமுகத்தில் கேட்கிற ஒவ்வொரு இஞ்சின் சத்தத்துக்கும் என்ன வியாதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பார். என் சம்பளம் இருக்கிறது, பேசாமல் இருங்கள் என்றேன். பேசாமல்தான் இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன மாதம் ஒரு விசைப்படகு முதலாளி வீட்டுக்கு வந்தார். இவருக்கு உறவுமுறை, மாமா என்பார். அவருடைய படகு டிரைவர் கேரளா பக்கம் போய்விட்டாராம்.

"மாமா, டிரைவர் சீட்டுல காலை நீட்டிக்கினு உக்காந்து ஓட்டலாம். குந்த வேணாம், எறங்க வேணாம். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிடும். உங்களை வுட்டா எனக்கு யாரு?"

நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தேன். வாயில் வந்ததை எல்லாம் கேட்டேன். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் குனியவில்லை.

"ஒரே ஒரு வேலைதான் ஒலகத்துல எனக்கு மிச்சம் இருக்குது" என்றார். "அதையும் வேணாங்கிறியா?"

நாற்பது பிள்ளைகளை அதட்டி உட்கார வைக்கிறவள் நான், என் வீட்டில் ஒரு மனுஷனை உட்கார வைக்க என்னால் முடியவில்லை. முதலாளி போன பிறகு ஒன்றே ஒன்று கேட்டேன். "கவுந்தா அந்தக் காலோட நீந்துவீங்களா?"

அவர் என்னிடம் பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "முடியாது" என்றார்.

நான் டவுனுக்குப் போய் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கி வந்தேன், ஆரஞ்சு நிறத்தில். கிளம்புகிற அன்றைக்கு விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போனேன். இரண்டு பேர் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கிப் படகில் ஏற்றினார்கள், அந்தக் கால் மட்டும் கட்டை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு போனது. நானும் ஏறி, எல்லோர் முன்னாலும் அவருக்கு ஜாக்கெட்டை மாட்டி ஒவ்வொரு வாராக இறுக்கினேன். வலைக்காரர்கள் சிரித்தார்கள். "டீச்சரம்மா, மாமாவை ஸ்கூலுக்கா அனுப்புறீங்க" என்றான் ஒருத்தன். அவர் சிரிக்கவில்லை. குழந்தை மாதிரி கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

படகு கிளம்பியது. நான் படித்துறையிலேயே நின்றேன். முகத்துவாரம் வரைக்கும் கேபினில் அந்த ஆரஞ்சு நிறம் நன்றாகத் தெரிந்தது. அதைத் தாண்டினதும் அவர் கை மேலே போவது தெரிந்தது, ஒரு வாரை அவிழ்த்தார், அப்புறம் இன்னொரு வார். பிறகு கேபினில் ஆரஞ்சு இல்லை. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. பிரேயருக்கு மணி அடிக்கும்வரை நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.